சிறுநீரகம் பழுதான பூனைக்கு என்ன சாப்பாடு? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நம் வீடுகளில் 'கிட்னி' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வரும் ஒருவராவது பெரும்பாலான குடும்பங்களின் உறவு வட்டத்தில் இருக்கிறார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், வாழைப்பழமும் இளநீரும் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்ற பாடம் நம் சமையலறைகளுக்கு மனப்பாடம்.

அதனால்தான் வீட்டுப் பூனைக்குச் சிறுநீரக நோய் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் பலர் அதே பாடத்தைப் பூனைக்கும் நடத்தத் தொடங்குகிறார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டுத் தயிர்ச்சோறு வைக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் முதலாவது பூனையை நேரடியாகக் கொல்லும். இரண்டாவது மெதுவாகக் கொல்லும். மனித நோயாளியின் உணவுப் பட்டியலில் பூனைக்கும் பொருந்தும் முக்கியமான வரி ஒன்றுதான்: பாஸ்பரஸைக் குறைப்பது. பூனையின் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நோய் என்ன செய்கிறது?

மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. பூனைக்கு ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 200,000 மட்டுமே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்ற பிறகுதான் பூனை சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழக்கிறது. முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது. எனவே நாம் கவனிக்கும்போதே நோய் பாதி வழியைத் தாண்டியிருக்கும். பத்து வயதைக் கடந்த பூனைகளில் மூன்றில் ஒன்றுக்காவது இந்த நோய் இருக்கலாம் என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான மதிப்பீடு.

வெளியே தெரியும் அடையாளங்கள் இவை: பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இளைக்கும், ரோமம் பொலிவிழக்கும், வாய் நாறும், அவ்வப்போது வாந்தி எடுக்கும். தாகம் நோயின் காரணமல்ல, விளைவு. வடிகட்டிகள் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகின்றன. பூனை அந்த இழப்பைக் குடித்து ஈடுகட்டுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீர் வெளியேறாததால் தண்ணீர் அளவு. பூனைக்கு நிலைமை நேர்மாறு. கிண்ணத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் குந்திக் குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அதையும் நாம் 'கிட்னி பிரச்சினை' என்றே சொல்கிறோம். அது வேறு நோய். சிறுநீர்ப் பாதை அடைப்பு. அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். உணவு பற்றி யோசிக்க அங்கே நேரம் இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது வயதான பூனைகளுக்கு மெல்ல வரும் நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி.

நோயின் நிலையை மருத்துவர் நான்காகப் பிரிப்பார். உலக அளவில் பயன்படும் இந்த அளவுகோலை வகுத்தது 1998இல் தொடங்கப்பட்ட ஐரிஸ் என்ற கால்நடைச் சிறுநீரக நிபுணர் குழு. நம் நாட்டு இரத்தப் பரிசோதனைத் தாள்களில் கிரியேட்டினின் பெரும்பாலும் மைக்ரோமோல் கணக்கில் வரும். அந்த எண் 140க்குக் கீழே என்றால் முதல் நிலை, 140 முதல் 250 வரை இரண்டாம் நிலை, 251 முதல் 440 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. மெலிந்த பூனைக்கு இந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால் எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். தாளின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு உணவுக்கு மாறும் பேச்சு பொதுவாக இரண்டாம் நிலையில்தான் தொடங்குகிறது. முதல் நிலையில் இருக்கும் பூனைக்கு அவசரப்பட்டுப் புரதத்தைக் குறைக்கத் தேவையில்லை.

சாப்பாடு உண்மையிலேயே வித்தியாசம் செய்யுமா?

செய்யும். இந்த நோய்க்குத் தரப்படும் சிகிச்சைகளில் பூனையின் ஆயுளை நீட்டுகிறது என்று நல்ல ஆதாரம் இருப்பவற்றில் சாப்பாடுதான் முன்னால் நிற்கிறது. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் 50 பூனைகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுநீரக உணவு சாப்பிட்ட பூனைகளின் இடைநிலை ஆயுள் 633 நாள். சாப்பிடாதவற்றுக்கு 264 நாள். ஆனால் அந்த இரண்டாவது குழுவில் இருந்தவை அந்த உணவை ஏற்க மறுத்த பூனைகளும், உரிமையாளர் கொடுக்க விரும்பாத பூனைகளும்தான். ஆகவே ஒப்பீடு முழுக்கச் சமமானதல்ல. அந்தக் குறையை 2006இல் வெளிவந்த மின்னசோட்டா ஆய்வு நிவர்த்தி செய்தது. 45 பூனைகளை இரு குழுவாகப் பிரித்து, இரண்டு ஆண்டு வரை கவனித்தார்கள். சாதாரண உணவு சாப்பிட்ட குழுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பூனைக்கு இரத்தத்தில் கழிவு தேங்கி நிலைமை முற்றியது. சிறுநீரக உணவு சாப்பிட்ட குழுவில் ஒன்றுக்குக்கூட அப்படி நேரவில்லை.

இந்த வகை உணவு புதிதல்ல. 1939இல் அமெரிக்காவில் பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகம் பழுதானபோது, மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவர் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு கலவையைத் தயாரித்தார். அதுதான் 1948இல் ஹில்ஸ் நிறுவனத்தின் கே/டி டின்னாக விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டுக் கிளினிக்குகளில் அதோடு ராயல் கேனின் ரீனல், பியூரினா புரோ பிளான் என்எஃப் ஆகியவையும் கிடைக்கின்றன. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் பூனை எதைச் சாப்பிடுகிறதோ அது. தட்டிக் கழிக்கும் பதில் போலத் தோன்றினாலும் உண்மை அதுதான்.

இந்த உணவுகளில் பாஸ்பரஸைக் குறைத்திருப்பார்கள். புரதம் மிதமாக இருக்கும். ஆனால் செரிக்க எளிதான, தரமான புரதம். உப்பு குறைவு. பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், ஏனெனில் பூனையின் பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு இழக்கிறது. இதுவும் மனித டயாலிசிஸ் பாடத்துக்கு எதிர்ப்பக்கம். பொட்டாசியம் மிகக் குறைந்தால் பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கி நிற்கும். இவற்றோடு மீன் எண்ணெய்க் கொழுப்பு, கரைந்து போகும் பி வைட்டமின்கள், இரத்தத்தின் அமிலத்தன்மையைத் தணிக்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். கோழியை அவித்து வைத்தால் இதற்கு ஈடாகாது என்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

லேபிளை எப்படிப் படிப்பது?

பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடிவதில்லை. அது இரத்தத்தில் தேங்கினால் எலும்பு கரையும், மிச்சமிருக்கும் வடிகட்டிகளிலும் படிவு விழும், பூனைக்குப் பசி போகும். ஐரிஸ் குழுவின் இலக்குப்படி, இரண்டாம் நிலைப் பூனைக்கு இரத்தப் பாஸ்பேட் லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாம் நிலையில் 1.6, நான்காம் நிலையில் 1.9. பரிசோதனைத் தாளில் இந்த எண்ணுக்கும் ஒரு வரி இருக்கும். ஆய்வகத்தின் 'சாதாரண அளவு' இதைவிடத் தளர்வாக இருக்கக்கூடும் என்பதால், தாளில் சிவப்புக் குறி இல்லை என்பதாலேயே நிம்மதி அடையாதீர்கள். இலக்கைத் தாண்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி பாக்கெட். டின் உணவையும் உலர் பிஸ்கட்டையும் லேபிளில் உள்ள சதவீதத்தை வைத்து நேரடியாக ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஒரு டின்னில் ஈரப்பதம் 80 சதவீதம், பாஸ்பரஸ் 0.2 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் ஈரப்பதம் 10, பாஸ்பரஸ் 0.9. பார்த்தால் டின்தான் பல மடங்கு பாதுகாப்பானது போலத் தெரியும். தண்ணீரை நீக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டின்னில் நீர் போக மிஞ்சுவது 20, 0.2ஐ 20ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1 சதவீதம். பிஸ்கட்டில் மிஞ்சுவது 90, 0.9ஐ 90ஆல் வகுத்தாலும் அதே 1 சதவீதம். இரண்டும் ஒன்றே. சிறுநீரக உணவுகளில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.6 சதவீதத்துக்குள் வரும். கடைத்தட்டில் இருக்கும் சாதாரண பூனை உணவுகள் பல 1 சதவீதத்தைத் தொட்டோ தாண்டியோ இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், சாதாரண உணவுகள் பலவற்றில் பாஸ்பரஸ் அளவையே அச்சிடுவதில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடலாம், அல்லது எழுதிக் கேட்கலாம். பொருள்களின் பட்டியலில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட், சோடியம் பாஸ்பேட், பாஸ்போரிக் அமிலம் போன்ற பெயர்கள் இருந்தால் அந்தப் பாக்கெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். இறைச்சியில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸைவிட, சுவைக்கும் பதத்துக்கும் சேர்க்கப்படும் இந்த உப்புகள் உடலில் விரைவாக ஏறி, சிறுநீரகத்துக்குக் கூடுதல் கேடு செய்கின்றன.

விலை ஏமாற்றும் இடமும் இதுதான். 'தானியம் இல்லாதது', 'உயர் புரதம்' என்று பளபளப்பான பையில் வரும் உயர்விலை உணவுகள் ஆரோக்கியமான இளம் பூனைக்கு நல்லவையாக இருக்கலாம். இறைச்சியும் எலும்புத் தூளும் மிகுந்திருப்பதால் அவற்றில் பல, பாஸ்பரஸில் சாதாரண உணவையும் மிஞ்சும். 'சீனியர்' என்று எழுதியிருப்பதற்கும் உறுதியான பொருள் இல்லை. சிலவற்றில் பாஸ்பரஸ் குறைவு, சிலவற்றில் இளம் பூனை உணவுக்கு நிகர்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் தவறு 'யூரினரி' என்ற பையை வாங்கி வருவது. சிறுநீர் சம்பந்தப்பட்டது என்றால் சிறுநீரகத்துக்கும் ஆகும்தானே என்று தோன்றுவது இயல்பு. அது சிறுநீர்ப் பையில் கல் சேரும் பூனைக்கானது. அவற்றில் பல சிறுநீரை அமிலமாக்கும். சிலவற்றில் தாகத்தைத் தூண்ட உப்பும் கூட்டியிருப்பார்கள். சிறுநீரகம் பழுதான பூனைக்கு இரண்டுமே வேண்டாதவை. பையில் 'ரீனல்' அல்லது 'கிட்னி கேர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காமல் பையைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள்.

நம் சமையலறையில் இருப்பவை

தோட்டப்புற வீடானாலும் தாமான் வீடானாலும் பூனைக்குப் பழக்கமான சாப்பாடு சோறும் அவித்த கெம்போங் மீனும்தான். கூடவே கொஞ்சம் நெத்திலி. இதில் நெத்திலியை முதலில் நிறுத்த வேண்டும். தலையும் முள்ளுமாக முழுதாக உண்ணப்படுவதால் அதில் பாஸ்பரஸ் மிக அதிகம். உலர வைத்ததில் உப்பு வேறு. தக்காளிச் சாறில் வரும் சார்டின் டின்னும் அப்படியே. கோழி ஈரல், கோழிக்கால், எலும்போடு அவித்த தலைப்பகுதி எல்லாம் இதே வரிசை.

குழம்பில் இருந்த மீனைக் கழுவிப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கழுவினாலும் வெங்காயமும் பூண்டும் மீனுக்குள் இறங்கியிருக்கும். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சு. சிறுநீரக நோயால் ஏற்கனவே இரத்தச் சோகை பிடித்திருக்கும் பூனைக்கு இதைத் தாங்கும் சக்தி கிடையாது. சிக்கன் கியூப் கரைத்த சூப்பும் அதே காரணத்தால் வேண்டாம்.

சைவ வீடுகளில் பாலும் தயிர்ச்சோறும். பூனை என்றாலே பால் என்று பழமொழிகள் நம்மைப் பழக்கிவிட்டன. சங்கப் புலவர்களுக்கு இதில் தெளிவு அதிகம். குறுந்தொகையில் வரும் வெருகு, மாலை நேரத்தில் வேலியோரம் கோழிக்குஞ்சுக்காகக் காத்திருக்கிறது, பாலுக்காக அல்ல. பூனை இறைச்சி உண்டே வாழவேண்டிய உயிர். டாரின் என்ற சத்தை அதனால் போதுமான அளவு தானே தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை மங்கும், இதயம் வீங்கித் தளரும். பாலில் பாஸ்பரஸும் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே 'புரதம் கெடுதல்' என்று கேள்விப்பட்டு இறைச்சியை அடியோடு நிறுத்தினால், பூனை தன் தசையையே கரைத்துச் சாப்பிடும். அந்தக் கழிவும் அதே சிறுநீரகத்துக்குத்தான் போகிறது.

வீட்டில் சமைத்துக் கொடுக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் கால்நடை உணவு நிபுணர் எடை பார்த்து எழுதிக் கொடுத்த அளவும், அதில் சேர்க்கச் சொன்ன சுண்ணாம்பு, டாரின், வைட்டமின் கலவையும் இருந்தால் மட்டுமே. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தனியே கொடுத்தால் சமநிலை கெடும். யூடியூப் சமையல் குறிப்புகளை நம்பி மாதக்கணக்கில் கொடுப்பது என் பார்வையில் சூதாட்டம்.

தினமும் ஒரு சிறு ருசிக்காக வேண்டுமானால் வீட்டில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது: அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. 100 கிராம் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் சுமார் 15 மில்லிகிராம்தான். மஞ்சள் கருவில் 390 அளவுக்கு இருக்கிறது. உப்பில்லாமல், நன்றாக வேகவைத்து, ஒரு தேக்கரண்டியைப் பொடித்துச் சிறுநீரக உணவின் மேல் தூவலாம். கோழி நெஞ்சுப் பகுதியை நிறைய நீரில் அவித்து நீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸில் ஒரு பகுதி நீரோடு போகும்; அதிலும் ஒரு துண்டு போதும்.

மூலிகை பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீரகத்துக்கு நல்லது என்று நாம் குடிக்கும் மிசாய் கூச்சிங் தேநீரின் பெயரில் பூனை இருக்கிறதே தவிர, பூனைக்கான மருந்து அல்ல. சிறுநீரைக் கூட்டுவதற்காகக் குடிக்கப்படும் இலை அது. நீரைப் பிடித்து வைக்க முடியாமல் தவிக்கும் பூனைக்கு எதற்கு?

தண்ணீரும் ஈர உணவும்

டின் அல்லது சிறுபாக்கெட்டில் வரும் ஈர உணவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். பிஸ்கட்டில் பத்தில் ஒரு பங்கு. அதனால் பூனை ஏற்றுக்கொண்டால் ஈர உணவே மேல். அதே நேரம், பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடாத பூனைக்குச் சிறுநீரக வகைப் பிஸ்கட் கொடுப்பது, சாதாரண ஈர உணவு கொடுப்பதைவிட நல்லது என்பதே என் புரிதல். பாஸ்பரஸைப் பாக்கெட் கவனித்துக்கொள்ளும். நீரை நாம் வேறு வழியில் கூட்டலாம். அகலமான கிண்ணங்களை வீட்டில் மூன்று நான்கு இடத்தில், சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். பிஸ்கட்டில் வெந்நீர் தெளித்துக் கொடுத்துப் பாருங்கள்.

நம் வெப்பத்தில் ஈர உணவு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. சிறிது சிறிதாக நான்கைந்து வேளை வைப்பதே சரி. எறும்புக்கு வழக்கமான வழிதான்: தட்டை நீர் நிறைந்த பெரிய தட்டில் வையுங்கள். திறந்த டின்னை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணம் வராது. நோயாளிப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

மாற்றும் விதம்

நல்ல உணவு தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கிளினிக்கிலிருந்து பையை வாங்கிவந்த அன்றே பழைய சாப்பாட்டை நிறுத்துகிறோம். பூனை முகத்தைத் திருப்புகிறது. 'பசித்தால் தானே சாப்பிடும்' என்று விட்டுவிடுகிறோம். பூனையிடம் அது நடக்காது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைந்து அதுவே உயிரைப் பறிக்கும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவது பூனை விஷயத்தில் இல்லவே இல்லை. ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் கிளினிக்கை அழையுங்கள்.

குமட்டலும் வாந்தியும் இருக்கும்போது புதிய உணவைத் தொடங்காதீர்கள். அந்த வேதனையை அந்த மணத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு ஒருபோதும் அதைத் தொடாமல் போகலாம். முதலில் மருத்துவர் குமட்டலை அடக்கட்டும். பசியைத் தூண்டவும் மருந்துகள் உள்ளன. தெளிந்த பிறகு முதல் சில நாள் புதிய உணவைத் தனிக் கிண்ணத்தில் பழையதன் பக்கத்தில் சும்மா வையுங்கள். பிறகு பழையதில் ஒரு தேக்கரண்டி. வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். நான்கு வாரம் ஆகலாம். பிடிவாதக்காரப் பூனைக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். மாத்திரையைப் புதிய உணவில் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு வகை பிடிக்காவிட்டால் அரைத்த வகை, குழம்போடு கூடிய துண்டு வகை, வேறு நிறுவனம் என்று மாற்றிப் பாருங்கள். இதற்காகவே முதலில் பெரிய பை வாங்க வேண்டாம். ஓரிரு சிறுபாக்கெட் போதும். பெரிய பை நம் ஈரக்காற்றில் எண்ணெய் நாற்றம் அடிக்கத் தொடங்கினால் பூனை அதற்காகவே ஒதுக்கிவிடும்.

நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கலோரி தேவை. கலோரிக் கணக்கு பாக்கெட்டில் இருக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குழந்தை எடைக்கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியே நின்று கழித்துக்கொள்ளலாம். எடை இறங்கிக்கொண்டே போனால், சாப்பாடு எவ்வளவு 'சரியானது' என்றாலும் அந்தப் பூனைக்குப் போதவில்லை என்று பொருள்.

கட்டுப்படியாகாதவர்களுக்கு

சிறுநீரக உணவு சந்தை டின்னைவிட நிச்சயம் விலை கூடியது. ஓய்வூதியத்திலோ தோட்டச் சம்பளத்திலோ மாதாமாதம் வாங்குவது பாரம்தான். இதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் வழிகள் இருக்கின்றன. முழுக்க முடியாவிட்டால் பாதியாவது சிறுநீரக உணவாக இருப்பது, ஒன்றுமில்லாததைவிட நல்லது. பாஸ்பரஸ் குறைந்த சாதாரண ஈர உணவைத் தேடி எடுத்து, அதோடு பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கும் மருந்தை மருத்துவர் தரலாம். அந்த மருந்து சாப்பாட்டோடு கலந்து கொடுத்தால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் கொடுப்பது வீண்.

வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால் அவருக்கும் இதே வகை மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை உடைத்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அளவு வேறு, சுண்ணாம்புச் சத்து ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. பனடோல் ஒரு துண்டுகூடக் கூடாது. பூனைக்கு அது கொடிய நஞ்சு.

தனியார் கிளினிக் செலவு தாங்காதவர்கள் மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் அரசாங்கச் சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். சிக்கலான நோய்க்குச் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் நோயாளியைத் தனி அறையில் வைத்து வேளைக்கு வேளை கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வளர்ந்த, ஆரோக்கியமான பூனை எப்போதாவது நோயாளியின் தட்டில் வாய் வைத்தால் குற்றமில்லை. குட்டிகளுக்கு மட்டும் அது ஆகாது. லைன் வீடுகளில் பூனை யாருடையது என்பதே சில சமயம் பொதுச் சொத்து. பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு வைக்கும் நெத்திலி, உங்கள் ஒரு மாத முயற்சியைக் கரைத்துவிடும். போய்ச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் சிறுநீரக உணவில் ஒரு சிறுபாக்கெட்டை அவரிடமே கொடுத்து, 'இதை வையுங்கள் அக்கா' என்று கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையை உணவு மாறிய நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் செய்ய வேண்டும். பாஸ்பேட்டோடு சுண்ணாம்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பூனைகளுக்குக் கடும் பாஸ்பரஸ் கட்டுப்பாட்டில் அது ஏறுவதுண்டு. இரத்த அழுத்தத்தையும் அளக்கட்டும்.

கடைசிக் கட்டத்தில் விதிகள் தளரும். நான்காம் நிலையில், எந்தச் சிறுநீரக உணவையும் தொடாத பூனைக்கு அது விரும்பும் எதையாவது கொடுங்கள் என்று மருத்துவரே சொல்வார். அப்போது அந்தக் கெம்போங் மீனைக் கொடுக்கலாம், முள் நீக்கி, உப்பில்லாமல். அதுவரை, அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது மூன்றைக் கையோடு கொண்டுபோங்கள்: பூனை இப்போது சாப்பிடும் எல்லாப் பாக்கெட்டுகளின் பின்பக்கப் படம், வாராந்தர எடைக் குறிப்பு, பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்.